பட்டாளத்துப் பொட்டலும் மல்லாக்கப் பூச்சியும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு ராணுவ வண்டியோட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய கவச வண்டி அது. பாதையிலேயே நிறுத்தி, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சேற்றில் நடந்து வந்தார். "உங்கள் குட்டைக்குள் ஏற்றிவிட்டேன், அம்மா. கொடியைக் கவனிக்கவில்லை" என்றார். நான் நட்டிருந்த சின்ன மஞ்சள் கொடி சேற்றோடு சேறாகக் கிடந்தது.

"பரவாயில்லை. திரும்பி வரும்போதும் இந்த வழியாகவே வாருங்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தமாக ஏற்றினாலும் நல்லதுதான்" என்றேன்.

நான் கிண்டல் செய்வதாக நினைத்துவிட்டார், பாவம். முகம் சிவந்து இரண்டாவது முறையும் மன்னிப்புக் கேட்டார். நான் கேலி செய்யவில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஊரில் இருக்கும் உங்களுக்கும் அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் மேலகரத்துக்காரி. இங்கிலாந்தின் தெற்குப் பக்கம் குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ராணுவம் குண்டு போட்டுப் பழகும் ஒரு பெரிய மேட்டு நிலத்தில், அங்கே வாழும் செடி, பூச்சி, பறவைகளைக் கணக்கெடுத்து எழுதிக் கொடுப்பது என் வேலை. குண்டு விழுகிற இடத்தில் என்ன உயிர் இருக்கும் என்று கேட்பீர்கள். சேர்ந்த முதல் நாள் நானும் அதையேதான் கேட்டேன். உண்மையில் நடந்தது தலைகீழ். ராணுவம் எடுத்துக்கொண்டதால் அந்த மேட்டில் தலைமுறைக்கணக்காக யாரும் உழவில்லை, உரம் கொட்டவில்லை, வீடு கட்டவில்லை. வேலிக்கு வெளியே எல்லாம் கோதுமையும் குடியிருப்புமாகிவிட்டது. வேலிக்கு உள்ளே பழைய புல்வெளியும் அதை நம்பிய வண்ணத்துப்பூச்சிகளும் தப்பித்துக்கொண்டன. காப்பாற்றியது யாருடைய கருணையும் இல்லை. வெடிக்காத குண்டு கிடக்கும் என்று எழுதிய பலகைதான்.

வண்டிகள் போய்ப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில், சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு, கண்ணாடி மாதிரி உடம்போடு ஒரு சின்ன இறால் பிறக்கும். மல்லாக்கப் படுத்துக்கொண்டு கால்களை மேலே ஆட்டி ஆட்டி நீந்தும். அதற்குக் குளம் ஆகாது, ஆறு ஆகாது. மீன் இருக்கும் தண்ணீரில் ஒரு நாள் தாங்காது. குட்டை வருடத்தில் சில மாதம் காய்ந்தே ஆகவேண்டும். காய்ந்த சேற்றில் முட்டைகள் வருடக்கணக்கில் பொறுத்துக் கிடக்கும். மறுபடி வண்டியோ மாடோ வந்து சேற்றைக் கிளற வேண்டும். கிளறாவிட்டால் புல் மூடி, குட்டையே இல்லாமல் போய்விடும். அதனால்தான் அந்த வண்டியோட்டியை மறுபடி வரச் சொன்னேன்.

இதில் பாதியைத்தான் நான் என் அண்ணனிடம் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்ட கதை இது.

2

காசி அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து மேலகரத்திலேயே இருக்கிறான். ஓய்வு பெற்றான் என்பது பேச்சுக்குத்தான். இன்றைக்கும் ஐந்து மணிக்குச் சவரம், ஐந்தரைக்கு நடை. அவன் மனைவி, என் மைனி, துணி காயப்போடும் கொடிகூட மட்டம் பார்த்துக் கட்டியது.

அச்சன்புதூர் போகும் சாலையோரம் ஒரு பொட்டல் இருக்கிறது. பழைய காலத்தில் படைகள் நடந்து போகும்போது இறங்கித் தங்கிப் போவதற்கு ஒதுக்கிய நிலம். படைகள் நடப்பதை நிறுத்திய பிறகும் அது ராணுவத்தின் பெயரிலேயே நின்றுவிட்டது. பட்டாளத்துப் பொட்டல் என்றுதான் எங்களுக்குத் தெரியும். நான்கு உடைமரம், கொஞ்சம் ஆவாரை, துருப்பிடித்த ஒரு பலகை. பலகையில் ஓர் எழுத்தும் படிக்க முடியாது. ஆனாலும் சுற்றிலும் உள்ள நிலமெல்லாம் மனையாகப் பிரிந்து கல் ஊன்றியபோது, அதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. பட்டாளத்துக்காரன் என்றைக்காவது வந்து கேட்பான் என்ற பயம். பொட்டலின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை. மழைக்கு நிறையும், எருமைகள் வந்து புரளும், பங்குனிக்குள் வெடித்துக் காய்ந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பொட்டலைப் பராமரிக்கும் பொறுப்பை, தொலைவில் வேறோர் ஊரில் இருக்கும் ராணுவ அலுவலகம் எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர் சங்கத்துக்குக் கொடுத்தது. சங்கத்தின் செயலாளர் அண்ணன். சங்கம் என்றால் முழங்கால் வலியோடு பத்துப் பதினைந்து பேர்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் விடுமுறையில் போயிருந்தேன். அப்போதுதான் அந்தக் குட்டையிலும் இறால் இருக்குமா என்று பார்க்க ஆசை வந்தது. உள்ளே போக அனுமதி வேண்டும் என்றான் அண்ணன். நான் இப்போது வேறு நாட்டுக் குடிமகள், நிலம் ராணுவத்துடையது, சட்டம் சட்டம்தான் என்றான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் குறுக்கே நடந்து வந்த பொட்டலுக்குள் கால் வைக்க, 'வெளிநாட்டவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எனக்குப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்திட்டான். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டான். பூச்சி என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினான்.

சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோதும் இதே மாதிரி ஒரு படிவம் வந்தது. உங்கள் நெருங்கிய உறவினர் யாராவது வேறு நாட்டு ராணுவத்தில் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று எழுதி, அண்ணன் பெயரை எழுதினேன். அவன் எந்தெந்த எல்லையில் நின்றான் என்று ஒருவர் அரைமணி நேரம் விசாரித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் லீவில் வரும்போது கொண்டுவரும் கம்பளியின் நிறம் மட்டும்தான். அங்கே அவன் எனக்குப் பொறுப்பு, இங்கே நான் அவனுக்குப் பதில் சொல்கிறேன். இரண்டு நாட்டுக்கும் எங்கள் இருவர் மேலும் கொஞ்சம் சந்தேகம்.

3

அனுமதி வந்தது நான் கிளம்பும் நாளன்று. திருவனந்தபுரம் போகிற கார் வாசலில் நின்றது. மைனியின் வெள்ளைப் பீங்கான் தட்டையும் டீ வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு ஓடினேன். முதல் தடவை அள்ளியதிலேயே கிடைத்தது. தட்டில் ஊற்றியதும் மூன்று நான்கு, மல்லாக்கப் படுத்துக் காலை ஆட்டின. இங்கே இருப்பதன் ஒன்றுவிட்ட உறவு. நான் அழுதேன் என்றால் நம்புங்கள்.

அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "என்னட்டி இது, கூனிப்பொடி மாதிரி இருக்கு?"

"கூனி இல்லண்ணே. நீந்துதத பாரு."

"ஏ, ஆமா. மல்லாக்கல்லா நீந்துது." இன்னும் குனிந்தான். "இது வேற எங்கனயும் கிடையாதா?"

"நம்ம பக்கத்துல இந்த மாதிரிக் குட்டைய எல்லாம் மூடிட்டாங்களே. நான் பாத்தது இங்கன மட்டும்தான்."

"அப்ப மல்லாக்கப் பூச்சி பட்டாளத்துப் பாதுகாப்புல இருக்குன்னு சொல்லு."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஓய்வு பெற்று வந்த பிறகு அதை நான் பார்த்ததில்லை. கார்க்காரர் ஹாரன் அடித்தார். "குட்டைக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் நான் சொன்னது. செங்கோட்டை தாண்டும்போது, காய வேண்டும், எருமை வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. இறங்கியதும் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். இறங்கியதும் வேலை, வீடு, மழை, மறந்தேபோனேன்.

நான் மறந்தேன், அண்ணன் மறக்கவில்லை. ராணுவ அலுவலகத்துக்கு முறையாகக் கடிதம் எழுதினான். பதிலுக்கு நான்கு கேள்விகள் வந்தன. அந்தப் பூச்சி கடிக்குமா, உண்ணத் தகுந்ததா, அதனால் படையினருக்குத் தீங்கு உண்டா, அதைக் காக்க எவ்வளவு ஆள் தேவை. நான்குக்கும் என்னிடம் கேட்டு ஒழுங்காகப் பதில் போட்டான். காய வேண்டுமா என்று மட்டும் அந்த அலுவலகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இப்படியெல்லாம் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்வது உண்டு.

4

படங்கள் வர ஆரம்பித்தன.

முதலில் வேலி. கான்கிரீட் தூண்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. அடுத்து உடைமரங்கள். நான்கு மரத்துக்கும் இடுப்பளவுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தான். பட்டாளத்து முகாம்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அசையாமல் நிற்கும் எதையும் வண்ணம் அடிக்காமல் விடமாட்டார்கள். பிறகு கல். சாலையிலிருந்து குட்டை வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பொறுக்கி, பாதி புதைத்து, வெள்ளையடித்த கற்கள். ஒவ்வொரு கல்லும் அவனும் சங்கத்துக்காரர்களும் தங்கள் கையால் வைத்தது.

அடுத்த படத்தில் ஜேசிபி நின்றது. குட்டையை ஆளுயரத்துக்குத் தோண்டி, கரைக்குக் கல் பதித்திருந்தார்கள். 'இனி கோடையிலும் வற்றாது' என்று எழுதியிருந்தான். அதற்கடுத்து மீன்குஞ்சு விடும் படம். அண்ணன் வெள்ளைச் சட்டையில், பிளாஸ்டிக் பையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். கொசு வராமல் இருக்கவாம். கடைசியாக ஒரு பலகை. 'அரியவகை மல்லாக்கப் பூச்சி பாதுகாப்பு இடம். கண்டறிந்தவர்: திருமதி கோமதி, இங்கிலாந்து.'

ஜேசிபி படம் வந்தபோதே தப்பு நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மீன் படம் வந்தபோது எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் நான் அனுப்பியது கைகூப்பும் பொம்மைப்படம். ஒன்றல்ல, மூன்று மூன்றாக.

ஏன் என்று கேட்டால், அந்த வருடம்தான் மைனிக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்கும் பொட்டலுக்குமாக நடந்து தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் எப்படிச் சொல்ல என்று நினைத்தேன். மைனி தேறி வந்த பிறகும் சொல்லவில்லை. அப்போது எது தடுத்தது என்றால், பயம்தான். வருடத்துக்கு இரண்டு முறை குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பதைத் தவிர எனக்கும் அவனுக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. பூச்சி வந்த பிறகுதான் பேச்சு வந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் மகள் காவ்யாவுக்கு இந்த வேலையே பிடிக்காது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு கல்லூரியில் படிக்கிறாள். போர் வேண்டாம் என்று ஊர்வலம் போகிற கூட்டத்தில் இருக்கிறாள். "குண்டு போடறவங்களுக்கு நீ பூ வச்சு விடறே, அம்மா" என்று ஒரு நாள் சொன்னாள். "உன் இறால் நல்லா இருக்கு, அதனால குண்டும் நல்லதுன்னு அவங்க சொல்லுவாங்க. நீயும் தலையாட்டுவே."

தலையாட்டமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் அறிக்கையின் முதல் பக்கத்தை அவர்கள் விருந்தினருக்குக் கொடுக்கும் அழகான புத்தகத்தில் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ராணுவம் போய்விட்டால் அந்த நிலத்தில் மறுநாளே உழவு ஓட்டுவார்கள், வீடு கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ராணுவம் இருந்தால் அந்த வண்டிகள் எங்கோ ஓர் ஊருக்குப் போகும் என்பதும் தெரியும்.

மீன் படம் வந்த நாளில் காவ்யா வீட்டில் இருந்தாள். என் தோளுக்குப் பின்னாலிருந்து போனைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "மாமா மீன் போட்டார். மீன் அதைத் தின்னும் இல்லையா?"

"ம்."

"நீ ஏன் கும்பிடறே?"

"அடுப்புல சாதம் இருக்கு, போய்ப் பாரு."

"உன் வேலையில பிரிகேடியருக்கு நீ பத்துப் பக்கம் எழுதறே, இது தப்பு, அது தப்புன்னு. மாமாவுக்கு ஏன் எழுத மாட்டேங்கறே? மாமாவுக்குப் புரியாதுன்னு நினைக்கறியா?"

நானே சாதத்தைப் பார்க்கப் போனேன்.

5

இந்த ஆனியில் போனேன். கொல்லத்திலிருந்து ரயிலேறி செங்கோட்டையில் இறங்கினேன். அண்ணன் பிளாட்பாரத்தில் நின்றான். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. பெட்டியை பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு நேரே பொட்டலுக்கு விட்டான். இந்த முறை படிவத்தை அவனே முன்கூட்டி நிரப்பி அனுமதி வாங்கி வைத்திருந்தான்.

பொட்டல் அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பெருக்கிய தரை. கல் வரிசை. நடுவில் மட்டம் தட்டி உருளை ஓட்டிய கொடியேற்றும் திடல். குட்டை நிறையப் பச்சைத் தண்ணீர். நாங்கள் போய் நின்றதும் நிழலைக் கண்டு கெண்டைகள் வாயைத் திறந்துகொண்டு வந்தன.

பையிலிருந்து வலையை எடுத்து நான்கைந்து முறை அள்ளினேன். இருக்காது என்று தெரிந்தேதான் அள்ளினேன்.

"என்ன, ஒளிஞ்சு கிடக்கா?" என்றான் அண்ணன். "ஒரு வருசமா நானும் பாக்குதேன், கண்ணுல தட்டுப்பட மாட்டேங்கு. பெரிய ஆபீசர் ஒருத்தர் வருதேன்னு சொல்லியிருக்காரு. வர்ற அன்னைக்காவது காட்டணும். நீ வந்தா கண்டுபிடிச்சிருவேன்னு இருந்தேன்."

"அது இல்லண்ணே. செத்துப்போச்சு."

"என்னட்டி சொல்லுத?"

"கெண்டை தின்னுருக்கும். கெண்டை இல்லைன்னாலும் இருக்காது. தண்ணி வத்தணும். வருசா வருசம் காயணும். எருமை வந்து மிதிக்கணும். அப்பத்தான் அது உண்டு."

"எருமைய விடக்கூடாதுன்னுதான வேலியே போட்டேன்."

"ஆமா."

"நீதான சொன்ன, குட்டைக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோன்னு."

"ஆமாண்ணே. மீதியச் சொல்லாம விட்டது என் தப்பு."

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிதானமாகக் கேட்டான். "ஜேசிபி நின்ன போட்டோ உனக்கு வந்துதா?"

"வந்துது."

"மீன் விட்டது?"

"வந்துது."

"கும்பிட்டு அனுப்புன."

நான் வலையிலிருந்த பாசியை உதறினேன்.

"நான் இருவத்திநாலு வருசம் பட்டாளத்துல இருந்தேன். தப்பா ஆர்டர் போட்டவன் எத்தனையோ பேரு. அவன்கூட மறுநாளாவது வந்து தப்புன்னு சொல்லியிருக்கான். நீ ரெண்டு வருசம் கும்பிட்டுக்கிட்டே இருந்திருக்க."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் பெயர் போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல், என் வேலையின் பழக்கத்தில் வழி சொல்ல ஆரம்பித்தேன். வேலியில் ஒரு பக்கம் திறந்துவிடலாம், கற்களை எடுத்துவிடலாம் என்றேன்.

"எடுத்துட்டு?" என்றான். "இந்த வெள்ளக் கல்லப் பாத்துத்தான் பட்டாளத்து இடம்னு பயப்படுதான். பழைய பலகை விழுந்த மறு வாரமே அந்தா அந்த மூலையில ஒருத்தன் கொட்டாய் போட்டான். நாங்க நாலு பேரு யூனிபாரத்த மாட்டிக்கிட்டு வந்து நின்ன பெறவுதான் பிரிச்சான். கல்ல எடுத்தா எருமை மட்டுமா வரும்?"

இங்கே எங்கள் மேட்டை ஒரு பலகை காக்கிறது. அங்கே அண்ணனின் சுண்ணாம்பு காக்கிறது. ஆட்களை விரட்டுவதற்கு அந்த இடத்தை யாரோ கவனிப்பதாகத் தெரிய வேண்டும். பூச்சி பிழைப்பதற்கு யாரும் கவனிக்காத மாதிரிக் கிடக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலத்தில் எப்படி நடக்கும் என்று எந்த அறிக்கையிலும் நான் எழுதியதில்லை.

"தோண்டுன மண்ண என்ன பண்ண?" என்று கேட்டேன்.

"அந்தா, கொடிமரத்தச் சுத்தி மேடு பண்ணி மட்டம் தட்டிருக்கோம்லா. அதுதான்."

அந்த மண்ணில் முட்டை கிடக்கலாம் என்றேன். வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால்தான் பொரிக்கும், சமமாக இருக்கும்வரை தேங்காது, வண்டி ஓட்டிப் பள்ளம் விழவேண்டும் என்று முழுவதும் சொன்னேன். இந்த முறை ஒரு சொல் விடவில்லை.

"கொடியேத்துற எடத்துலயா?" என்று மட்டும் கேட்டான். பைக்கை உதைத்தான்.

மீதி இருந்த பத்து நாளும் அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிடுங்க" என்றான். "மைனியோட அருவிக்குப் போயிட்டு வாங்க, சீசன் நல்லா இருக்கு" என்றான். எங்கள் வீட்டில் தங்கையை வாங்க போங்க என்று பேசினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருவிக்குப் போனோம். தலையில் தண்ணீர் விழும்போது மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு உம்மேல கோவத்துல இல்ல கோமதி. ஆபீசருக்கு லெட்டர் எழுதிட்டாரு, பூச்சி இல்லன்னு. அத எழுதி முடிக்க நாலு நாளு ஆச்சு" என்றாள். இரைச்சலில் நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

6

திரும்பி வந்த பிறகு மூன்று வாரம் அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் வீடியோ வந்தது. தென்காசிப் பக்கம் இந்த ஆடியில் சாரல் கனத்துவிட்டது என்று மைனி சொல்லியிருந்தாள். வீடியோவில் அந்தத் தூறல் தெரிந்தது. உருளை ஓட்டிய திடலில் ஒரு டிராக்டர் வளைந்து வளைந்து போகிறது. ஓட்டுவது சங்கத்தில் இருக்கும் ராஜபாண்டி அண்ணாச்சி, பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சக்கரம் புதையப் புதைய அந்த வழவழத் தரை கிழிகிறது. ஓரத்தில் சங்கத்துக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு, இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. "அண்ணாச்சி, இன்னும் ஒரு சுத்து. நல்லா அழுத்தி."

எனக்கென்று ஒரு வார்த்தை அதில் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் ஒரு செய்தி வந்தது. 'இல்லை.' அடுத்த நாளும் 'இல்லை.' தட்டும் வடிகட்டியும் எடுத்துக்கொண்டு தினமும் போகிறான் என்று மைனி சொன்னாள். முட்டை ஆழத்தில் புதைந்திருக்கலாம், ஜேசிபியில் நசுங்கியிருக்கலாம், ஒரு கோடை காய்ந்து மறுமழைக்குத்தான் வரலாம், வராமலேயும் போகலாம் என்று எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'சரி' என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த வண்டியோட்டி வந்து மன்னிப்புக் கேட்டது இதற்கு நடுவில்தான். தப்பு என்று தோன்றிய நிமிடமே இறங்கி வந்து சொல்லிவிட்டார். அவர் செய்தது தப்பே இல்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு முழுவதும் அவர் முகம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து போனைப் பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒரு படம். டிராக்டர் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கரையிலும், வளைவுக்கு வளைவு, ஒரே அளவாக, புதிதாக வெள்ளையடித்த கற்கள். ஈரம்கூடக் காயவில்லை. சில கற்களிலிருந்து வெள்ளை ஒழுகிச் சேற்றில் இறங்கியிருந்தது. 'பள்ளத்தையும் காப்பாத்தணும்லா. இனி யாரும் மூட மாட்டான்' என்று எழுதியிருந்தான். நான் ஊரிலிருந்து திரும்பிய பிறகு அவனிடமிருந்து வந்த முதல் முழு வாக்கியம்.

என் கட்டைவிரல் அதுவாகவே கைகூப்பும் படத்துக்குப் போய்விட்டது. இரண்டு வருடப் பழக்கம். அழுத்தப்போன விரலை எடுத்துவிட்டு, அவனுக்கு போன் போட்டேன். அங்கே உச்சிப்பொழுது. பொட்டலில்தான் நின்றான். காற்று இரைந்தது.

"சொல்லுங்க" என்றான்.

"அண்ணே, படம் பாத்தேன். கல்லு கூடாது."

"என்ன?"

"சுண்ணாம்பு தண்ணியில கரைஞ்சு இறங்கும். முட்டை பொரிச்சாலும் குஞ்சு செத்துரும். எடுத்துருண்ணே. மழை வலுக்கதுக்கு முந்தி எடுக்கணும்."

நான் மேலும் சொன்னேன். "வெறும் கல்லு வச்சுக்கோ. வெள்ள மட்டும் வேண்டாம். ரோட்டுப் பக்கம் அடிச்ச கல்லு இருக்கட்டும், அது தூரத்துலதான இருக்கு. இங்கன மட்டும்."

"ரெண்டு நாளா வச்சேன்" என்றான். "பதினஞ்சாம் தேதி கொடியேத்தணும். எல்லாரும் எங்கன நிக்க?" என்றான்.

"தெரியலண்ணே."

மறுபடி காற்று. வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"ஏட்டி, எல்லாக் கல்லுமா?"

"எல்லாக் கல்லும்."

போனை எங்கோ தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அணைக்கவில்லை. முழங்காலை மடக்கும்போது அவன் விடும் முனகல் கேட்டது. பிறகு சேற்றிலிருந்து ஒரு கல் பிடுங்கி வருகிற சத்தம், அதைத் தூக்கிப் போய் எங்கோ போடுகிற சத்தம். திரும்பி வரும் காலடி. மறுபடி ஒரு கல். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கடைசிக் கல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.